சோற்றைக் கைவிடச் சொல்லாத ஆராய்ச்சி: ஹோசியெமர் மத்தேயும் போர்ட்டோ ரிக்கோ அடுப்படியும்

#1 வாழைத்தண்டு

வணக்கம். இந்தப் பகுதியில் நான் படிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே ஹோல்யோக் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் காகித ஆலைகளால் பெயர் பெற்றது. இன்று ஊரில் பாதிக்குப் பக்கம், அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள். அதன் அருகே ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் ஒன்பது வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். பலருக்கு இரண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு தாள் வைத்திருந்தோம். ஸ்பானிய மொழியில்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்த சாப்பாடு கீன்வா, கேல் கீரை, சால்மன் மீன். அறுபது தாண்டிய ஓர் அம்மாவிடம் அதைக் கொடுத்து, வெள்ளை அரிசியை நிறுத்துங்கள் என்றேன். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்படியானால் வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வைப்பது?" என்று மெதுவாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹோசியெமர் மத்தேயின் கட்டுரைகள் கண்ணில் பட்டன. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். அந்தத் தீவின் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இப்போது ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் பேராசிரியர். வேலை முழுக்க லத்தீன் அமெரிக்க வழி மக்களிடையே நீரிழிவு, இதயநோய் வராமல் தடுப்பது பற்றியது.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது, அவர் பிராங்க் ஹூ, ஹன்னியா காம்போஸ் ஆகியோரோடு 2011-இல் வெளியிட்ட கட்டுரை. கோஸ்டா ரிக்காவில் 1,879 பேரின் உணவைப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் தினம் சோறும் பீன்ஸும்தான். அரிசி நல்லதா கெட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. தட்டில் சோற்றுக்கு எத்தனை பங்கு பீன்ஸ் என்று கேட்டார்கள். ஒரு பங்கு சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பங்கு பீன்ஸ் வைத்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவு என்று கணக்கு வந்தது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவுகள் எல்லாம் சேர்ந்தே கெட்டுப்போகும் நிலை.

அந்த அம்மா அன்று கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருந்தது. அதே பானை, அதே இரண்டு பொருள். கரண்டிக் கணக்கு மட்டும் மாற வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கென்று தனியாக எதுவும் வைக்க வேண்டாம்.

இங்கே மருத்துவம், பொதுச் சுகாதாரம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்த மாதிரி ஆராய்ச்சி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#2 தாமிரபரணி

அம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம், ஓய்வுபெற்ற செவிலியர். அந்த மக்கள் சோறு தவிர வேறு என்ன சாப்பிடுவார்கள்? படிக்கும்போது நம் சாப்பாடு மாதிரியே இருக்கிறதே.

#3 வாழைத்தண்டு

தாமிரபரணி அம்மா, நீங்கள் அவர்கள் அடுப்படிக்குப் போனால் திகைத்துவிடுவீர்கள். பண்டிகை என்றால் அவர்களுக்கு "அர்ரோஸ் கோன் கந்தூலெஸ்" இல்லாமல் முடியாது. கந்தூலெஸ் வேறு ஒன்றும் இல்லை, நம் துவரை. இந்தியாவில் தோன்றிய பயிர் ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியன் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாம் உடைத்துப் பருப்பாக்குகிறோம், அவர்கள் பச்சையாகவோ முழுசாகவோ சோற்றோடு வேக வைக்கிறார்கள்.

அப்புறம் "வியாந்தாஸ்". மரவள்ளி, சேப்பங்கிழங்கு வகைகள், வாழைக்காய், பெருவள்ளி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர். அவித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்பிட்ட காட் மீனோடு சாப்பிடுவார்கள். வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், கொத்தமல்லி மாதிரி மணக்கும் ஒரு நீள இலை, எல்லாம் சேர்த்து அரைத்த "சோஃப்ரிட்டோ" இல்லாமல் எந்தக் குழம்பும் தொடங்காது. பானை அடியில் பிடித்த சோற்றுக் காந்தலுக்குக்கூட ஒரு பெயர் உண்டு, "பெகாவ்". அதற்கு வீட்டில் போட்டி நடக்கும்.

நம் சாப்பாடு மாதிரி என்றீர்களே, அதில் இன்னொரு உறவும் உண்டு. உலகின் பல நாடுகளில் முக்கிய உணவின் தரத்தை உயர்த்தி நீரிழிவைக் குறைப்பது பற்றி ஹார்வர்டு குழு ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. அதை விவரிக்கும் 2015 கட்டுரையின் முதல் ஆசிரியர் மத்தேய்தான். போர்ட்டோ ரிக்கோவோடு சென்னையும் அதில் ஒரு களம். டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் எடை கூடியவர்களை வைத்து நடத்திய சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் பழுப்பு அரிசி கொடுத்தபோது ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பயறு வகை சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது.

#4 கணக்கன்

நான் புள்ளியியல் துறை. இடைமறிப்பதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்ல வேண்டும்.

"35 சதவீதம் குறைவு" என்பதைப் படிக்கிறவர்கள், பீன்ஸ் சாப்பிட்டால் நோய் 35 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. ஒரே நேரத்தில் உணவையும் உடல் நிலையையும் அளந்த ஆய்வு அது. பீன்ஸ் அதிகம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் சமைக்க நேரம் உள்ளவர்களாக இருக்கலாம், உடலுழைப்பு கூடியவர்களாக இருக்கலாம். கணக்கில் இவற்றைச் சரிசெய்வார்கள், ஆனால் முழுதும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. போன வருடம் வாரத்துக்கு எத்தனை முறை பீன்ஸ் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்குத் துல்லியமாக நினைவிருக்கும்? உணவு ஆய்வுகளில் பாதிப் பிரச்சினை இந்த வினாத்தாளில்தான் இருக்கிறது.

#5 வாழைத்தண்டு

கணக்கன், மன்னிப்பெல்லாம் வேண்டாம், இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். முதல் பாதியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தொடர்பு வேறு, காரணம் வேறு. என் பதிவில் "வாய்ப்பு" என்று எழுதியது போதாது, இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வினாத்தாள் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மத்தேய் வளர்ந்த ஆராய்ச்சிப் பட்டறையே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

காத்தரின் டக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அப்போது டஃப்ட்ஸில் இருந்தார், பிறகு மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவல் வளாகத்துக்குப் போனார். அமெரிக்கப் பொது மக்களுக்காகத் தயாரித்த வினாத்தாளை போர்ட்டோ ரிக்கோ முதியவர்களிடம் அப்படியே நீட்டினால் அவர்கள் உணவில் பெரும்பகுதி பிடிபடாமல் நழுவிவிடும் என்று அவர் பார்த்தார். வாழைக்காய் எங்கே எழுதுவது? மரவள்ளி எந்தக் கட்டத்தில்? எண்ணெய் ஊற்றி உப்புப் போட்டு வேக வைத்த சோறும், அமெரிக்கர் வெறும் தண்ணீரில் வேக வைக்கும் சோறும் ஒன்றா? ஒரு பங்கு சோறு என்றால் எவ்வளவு? இவற்றையெல்லாம் சரிசெய்து, இந்த மக்களுக்கென்றே மாற்றியமைத்த வினாத்தாளை டக்கர் குழு 1998-இல் வெளியிட்டது. என் பார்வையில், அதற்குப் பின் வந்த எல்லாக் கண்டுபிடிப்புகளையும்விட முக்கியமான வேலை அதுதான். கேள்வியிலேயே இல்லாத உணவு எந்தப் பதிலிலும் வராது.

அந்த வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2004-இல் பாஸ்டன் போர்ட்டோ ரிக்கோ நல ஆய்வு தொடங்கியது. 45 முதல் 75 வயது வரை சுமார் 1,500 பேர். மத்தேயின் முனைவர் பட்டக் காலக் கட்டுரைகள் இந்தத் தரவிலிருந்து வந்தவை.

காரணமா தொடர்பா என்பதில் அவரும் நின்றுவிடவில்லை. 2017-இல் டக்கர் முதலியவர்களோடு ஒரு கட்டுரை. பாஸ்டன் மக்களின் உணவைப் பலவித மதிப்பெண் முறைகளில் எடைபோட்டு, இரண்டு வருடத்தில் உடல் அளவுகள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். காய்கறி, பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் கூடிய மத்தியதரைக் கடல் உணவு முறையின் மதிப்பெண்தான் நல்ல மாற்றத்தோடு கூடுதலாக ஒத்துப்போனது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்த மதிப்பெண்ணை அவர்கள் வாங்கியது கிரேக்கச் சாலட்டால் இல்லை. வீட்டில் வைத்த சூப்பில் கிடந்த காய்கறி, பீன்ஸ், ஓட்ஸ் கஞ்சி, சோள எண்ணெய், இப்படித் தங்கள் சொந்தச் சமையலாலேயே வாங்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவிலேயே சிறு முன்னோட்டச் சோதனை ஒன்றை அவர் குழு வடிவமைத்தது. ஒரு பிரிவுக்கு உள்ளூர்ச் சமையலுக்கு ஏற்ப மாற்றிய மத்தியதரைக் கடல் முறை. இன்னொரு பிரிவுக்கு அளவைக் குறைத்துச் சாப்பிடும் வழக்கமான ஆலோசனை. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பித் தொடர்வது. சின்ன அளவுதான், இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் போகும் திசை நீங்கள் கேட்கும் திசைதான்.

#6 மருதங்கேணியான்

வணக்கம் அக்கா. நான் ஒர்லாண்டோவில இருக்கிறன். 2017 செப்டம்பர் 20 மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடிச்சதுக்குப் பிறகு இஞ்ச கனபேர் வந்து சேர்ந்தவை. என் பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படி வந்தவா. சர்க்கரை வருத்தக்காரி. புயலுக்குப் பிறகு மாதக்கணக்காக கரண்ட் இல்லையாம். இன்சுலினைக் குளிரில வைக்க ஐஸ் தேடி அலைஞ்சது பற்றி இண்டைக்கும் கதைப்பா. சாப்பாடு என்றால் நிவாரணமாக வந்த தகரப் பேணியும் பிஸ்கட்டும்தான். கிழங்குத் தோட்டம், வாழைத் தோட்டம் எல்லாம் படுத்துப் போச்சுது.

நாங்களும் இடம்பெயர்ந்து நிவாரண அரிசியும் பருப்பும் சாப்பிட்ட ஆக்கள். அவா கதைக்கேக்க எனக்கு விளங்கும். அக்கா, இந்த ஆராய்ச்சியாளர் புயலைப் பற்றி ஏதும் செய்தவவோ?

#7 செந்நிலம்

வாழைத்தண்டு தோழர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் பேச்சு முழுக்க அடுப்படிக்குள்ளேயே சுற்றுகிறது, அதில் எனக்கு வருத்தம்.

போர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில். மக்கள் சாப்பிடுவதில் ஏறக்குறைய 85 சதவீதம் கப்பலில் வருகிறது. வருடம் முழுக்க எதை நட்டாலும் முளைக்கிற வெப்பமண்டலத் தீவில்! முதலில் கரும்பு நிலத்தை விழுங்கியது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்த திட்டத்தில் விவசாயமே பின்னுக்குப் போனது. 1920-இன் ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கருக்குச் சொந்தமான கப்பலில்தான் வர வேண்டும். அந்தச் செலவும் பொருளின் விலையில்தான் ஏறும்.

உணவு உதவியையும் பாருங்கள். மாநிலங்களில் தேவை கூடினால் உதவித் தொகையும் கூடும். போர்ட்டோ ரிக்கோவுக்கு 1982 முதல் மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். பசித்தவர் எண்ணிக்கை கூடினாலும் தொகை தானாகக் கூடாது.

இந்த நிலையில் ஒரு தாயிடம் போய்ச் சோற்றுக்கும் பீன்ஸுக்கும் விகிதம் சொல்வது, பாரத்தை முழுக்க அவள் தலையில் ஏற்றுவது ஆகாதா?

#8 வாழைத்தண்டு

மருதங்கேணியான் தம்பி, செந்நிலம் தோழர், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில். இரண்டு கேள்வியும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

தோழர், சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் மத்தேய் உணவோடு நின்றவர் என்று நினைக்க வேண்டாம். 2010-இல் டக்கர், ஒர்தோவாஸ் முதலியவர்களோடு அவர் வெளியிட்ட கட்டுரை மன அழுத்தம் உடலில் எப்படிப் படிகிறது என்பது பற்றியது. "அலோஸ்டாட்டிக் லோட்" என்பார்கள். வாடகை, வேலை, மொழி, தனிமை என்று நெருக்கடி விடாமல் தொடரும்போது உடல் ஓயாமல் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துத் தேய்கிறது. கார்டிசால் போன்ற ஹார்மோன்கள், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு, சர்க்கரை, அழற்சி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பாக எடுக்கிறார்கள். பாஸ்டன் போர்ட்டோ ரிக்கோ மக்களில் இந்தச் சுமை கூடியவர்களிடம் வயிற்றுப் பருமன், ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், மூட்டுவலி எல்லாம் கூடுதலாக இருந்தன. ஒரு ஊட்டச்சத்து மாணவி முனைவர் பட்டக் காலத்திலேயே இதைக் கையில் எடுத்தது சின்ன விஷயம் இல்லை.

தம்பி, புயல் பற்றி. 2015-இலேயே அவர் குழு சான் ஹுவான் பகுதியில் ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. பிறகு தீவு தழுவிய பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் தொடங்கியது. பெயர் ப்ராஸ்பெக்ட். 30 முதல் 75 வயது வரை 2,000 பேரைச் சேர்த்து இரண்டு வருடம் தொடர்வது இலக்கு. உடல் அளவு, ரத்தம், உணவு, மன அழுத்தம், அக்கம்பக்கம், உணவு கிடைக்கும் நிலை எல்லாம் கேட்கிறார்கள். மரியாவுக்கு முன்னும் பின்னும் எடுத்த இந்த இரண்டு தரவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புயலுக்குப் பின் ஆய்வில் சேர்ந்தவர்களிடம் நாள்பட்ட நோய்கள் பல கூடுதலாகக் காணப்பட்டன. உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்வதை எண்ணில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

தலையில் பாரம் ஏற்றுவது பற்றி, தோழர். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஜோன்ஸ் சட்டம் மாறும்வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்று மாலை அவர் சமைக்கப் போகிறார். டப்பா பீன்ஸ் இறைச்சியைவிட மலிவு, உப்புத் தண்ணீரை வடித்துக் கழுவினால் போதும். இதைச் சொல்வதால் நீங்கள் சொன்ன அரசியல் சின்னதாகிவிடாது.

#9 கணக்கன்

ஒரு எச்சரிக்கை மட்டும். 2015-இல் பார்த்தவர்களும் 2019-இல் பார்த்தவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இடையில் புயல் மட்டும் நடக்கவில்லை, கடன் நெருக்கடியும் மக்கள் வெளியேறியதும் நடந்தன. எல்லாவற்றையும் மரியா மேல் போட முடியாது. ஆனால் புயலுக்கு முன்பே ஒருவர் அங்கே அளந்து வைத்திருந்ததால்தான் இந்த ஒப்பீடே முடிந்தது, அதை மதிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. லத்தீன் அமெரிக்க வழி மக்கள் எல்லோரையும் எதற்கெடுத்தாலும் "லத்தீனோ" என்று ஒரே சொல்லால் குறிக்கிறோமே, அது ஒரு கூட்டமா என்ன?

#10 வாழைத்தண்டு

இல்லவே இல்லை. கேட்டது நல்லதாகப் போயிற்று.

பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 2008 முதல் 2011 வரை 16,415 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பெரியவர்களிடையே நீரிழிவு, தென் அமெரிக்க வழி மக்களிடம் 10 சதவீதம் அளவில் இருந்தது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் வழி மக்களிடம் 18 சதவீதம் அளவில். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இவ்வளவு இடைவெளி. மத்தேய் 2016-இல் அதே தரவில் உணவைப் பார்த்தார். உணவுத் தரத்தில் மெக்சிகோ வழி மக்கள் மேலே, போர்ட்டோ ரிக்கோ வழி மக்கள் கடைசியில். அதுமட்டும் இல்லை, நல்ல உணவுக்கும் உடல் அளவுகளுக்கும் உள்ள தொடர்பே பிரிவுக்குப் பிரிவு மாறியது. உணவில் மேலே இருந்த மெக்சிகோ வழியினரிடமும் நீரிழிவு 18 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். உணவு மட்டும் கதை இல்லை.

எங்கள் நிலையத்துக்குக் குவாத்தமாலாக்காரரும் வருகிறார், போர்ட்டோ ரிக்கோ அம்மாவும் வருகிறார். ஒருவருக்குச் சோள ரொட்டி, இன்னொருவருக்குச் சோறு. ஒரே தாளை இரண்டு பேர் கையிலும் கொடுத்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

#11 தாமிரபரணி

படிக்கப் படிக்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு சந்தேகம். சொன்னால் மக்கள் கேட்கிறார்களா? முப்பது வருடம் வார்டில் இருந்தேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த மாதம் சர்க்கரை அதே இடத்தில் நிற்கும்.

#12 வாழைத்தண்டு

அம்மா, உங்கள் அனுபவத்துக்கு ஒரு சோதனையே சாட்சி. மாசச்சூசெட்ஸில் மிலாக்ரோஸ் ரோசல் என்ற ஆராய்ச்சியாளர், வருமானம் குறைந்த, நீரிழிவு உள்ள 252 லத்தீனோ மக்களிடம் நடத்தியது. பாடம் எடுக்காமல், அவர்கள் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஒரு கதை வழியே சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே சமையல், குழுவாக உட்கார்ந்து பேசுவது. நான்கு மாதத்தில் HbA1c, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாக இறங்கியது. ஆனால் ஒரு வருடம் முடியும்போது இரண்டு பிரிவுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் நிலைக்கவில்லை.

கேட்கிறார்கள் அம்மா. விடாமல் கூட இருந்தால் கேட்கிறார்கள். குழுவாகச் சந்திப்பது குறையக் குறையப் பழைய வழக்கம் திரும்புகிறது. ஒரு தடவை சொல்லிவிட்டு முடிந்தது என்று இருக்கும் வேலை இல்லை இது.

#13 புதுத்தளிர்

வணக்கம். கோவையில் ஊட்டச்சத்து முதுநிலை முதல் வருடம் படிக்கிறேன். அக்கா, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு வர என்ன செய்ய வேண்டும்? எங்களுக்கு கலோரி கணக்கும் வைட்டமின் பட்டியலும்தான் சொல்லித் தருகிறார்கள்.

#14 வாழைத்தண்டு

அந்தக் கணக்கையும் நன்றாகப் படியுங்கள் தங்கையே, அது இல்லாமல் ஒன்றும் நகராது. அதோடு நோய்ப்பரவலியல், புள்ளியியல். கணக்கன் மாதிரி ஒருவர் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை. எந்த மக்களைப் பற்றி ஆராய வேண்டுமோ, அவர்கள் வீட்டில் ஒரு வாரம் சமையலைப் பாருங்கள். உலையில் எத்தனை டம்ளர் அரிசி போகிறது, எண்ணெய் பாட்டில் எத்தனை நாள் வருகிறது, கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அவருக்குக் குழம்பில் என்ன மிஞ்சுகிறது. எழுதி வையுங்கள். பிறகு உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் வினாத்தாளை எடுத்து, நீங்கள் பார்த்தவற்றில் எத்தனை அதற்குள் வருகின்றன என்று ஒத்துப் பாருங்கள்.

#15 மருதங்கேணியான்

அக்கா, இப்பதான் வேலி ஓரத்தில பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டனான். இரண்டு கோப்பை அரிசிக்கு ஒரு பேணி பீன்ஸ் போடுவாவாம். அவவின்ர தாய், தீவில தோட்டம் வைச்சிருந்த காலத்தில, அரிசி காசு குடுத்து வாங்கிறது எண்டதால அதைக் குறைச்சுப் போட்டுட்டு, தோட்டத்துத் துவரையை அள்ளிப் போடுவாவாம். "எண்ட அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கேல்ல" எண்டு சொன்னா. கணக்கன் அண்ணை ஒரு ஆளின்ர கதையை வைச்சு முடிவெடுக்கக் கூடாது எண்டு சொல்லுவார், அது எனக்கும் தெரியும். இந்த ஞாயிறு இரண்டு பேணி போட்டுச் சமைக்கப் போறாவாம், எங்களையும் வரச் சொல்லியிருக்கிறா.